ஊருக்கு ஊர் ஒரு கக்கூஸ்: வெளிநாடு கிளம்புகிறவர்களுக்கு ஓர் எளிய விளக்கம்

வெளிநாடு கிளம்புகிறவர்கள் விசா, இன்சூரன்ஸ், சிம் கார்டு, சைவச் சாப்பாடு எங்கே கிடைக்கும் என்பது வரை ஒரு மாதத்துக்கு முன்பே தோண்டித் துருவி விசாரித்து வைத்துக்கொள்வார்கள். போய் இறங்கிய மறுநாள் காலையிலேயே கட்டாயம் போயாக வேண்டிய இடத்தைப் பற்றி மட்டும் யாரும் யாரிடமும் கேட்பதில்லை. கேட்கக் கூச்சம். அப்புறம் அங்கே கதவைச் சாத்திவிட்டு நின்றுகொண்டு, இதில் எதை அழுத்துவது, தண்ணீர் எங்கே, பேப்பரை எதில் போடுவது, கதவுக்குக் கீழே ஏன் இவ்வளவு பெரிய சந்து என்று முழிப்பார்கள். அந்த முழிப்பைக் கொஞ்சம் குறைக்கத்தான் இது.

நம்மைப் பொறுத்தவரை உலகத்தில் இரண்டே வகை, இந்தியன், வெஸ்டர்ன். ஆனால் அந்த வெஸ்டர்னுக்குள்ளேயே அமெரிக்கக் கோப்பை ஒரு மாதிரி, ஜெர்மன் கோப்பை இன்னொரு மாதிரி. நம்முடையது என்று நாம் நினைக்கும் குந்தும் வகை பிரான்ஸ் நெடுஞ்சாலையிலும் இருக்கிறது. பயணிகள் இதையெல்லாம் 'அந்த ஊர்ப் பழக்கம்' என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். என்னைக் கேட்டால் பாதிக்கு மேல் பழக்கமே இல்லை, பிளம்பிங். ஊரில் எவ்வளவு தண்ணீர் கிடைக்கிறது, தரைக்குக் கீழே போகிற குழாய் எவ்வளவு அகலம், குளிர்காலத்தில் அது உறைந்துபோகுமா, செலவை யார் ஏற்கிறார்கள் என்று கேட்டுப் பார்த்தால் முக்கால்வாசி விநோதத்துக்குக் காரணம் தெரிந்துவிடும். மீதிக் கால்வாசி வெட்கம். அதற்கு ஜப்பானுக்குப் போகும்போது வருகிறேன்.

முதலில் அந்த வளைந்த குழாய்

தண்ணீர் ஊற்றுகிற எந்தக் கழிப்பறையாக இருந்தாலும், குந்துவதோ உட்காருவதோ, எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு விஷயம் உண்டு. கோப்பைக்குக் கீழே குழாய் நேராக இறங்காது, ஒருமுறை மேலே ஏறி வளைந்துதான் இறங்கும். அந்த வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்கும். அந்தத் தண்ணீர்தான் மூடி. சாக்கடையிலிருந்து வரும் வாயு அதைத் தாண்டி மேலே வர முடியாது. இதற்கு 1775-இல் காப்புரிமை வாங்கியவர் அலெக்சாண்டர் கம்மிங். அவர் கடிகாரம் செய்கிறவர் என்பது தனி வேடிக்கை. பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்ததும் பாத்ரூமில் குப்பென்று ஒரு நாற்றம் வருகிறதே, வளைவில் நின்ற தண்ணீர் வற்றிவிட்டது என்று அர்த்தம். இரண்டு மக் தண்ணீர் ஊற்றினால் சரியாகிவிடும்.

இந்த வளைவு எல்லா ஊருக்கும் ஒன்றுதான். அதில் இருப்பதை எப்படித் தள்ளுவது என்பதில்தான் நாடுகள் பிரிகின்றன.

பிரிட்டன், ஆஸ்திரேலியா, நம் ஊர் ஃப்ளாட்டுகள், இங்கெல்லாம் இருப்பது எளிய வகை. மேலேயிருந்து தண்ணீர் வேகமாக விழுந்து எல்லாவற்றையும் வளைவுக்கு அப்பால் தள்ளிவிடும். குழாய் அகலம், கோப்பையில் நிற்கும் தண்ணீர் கொஞ்சம். அடைப்பு அபூர்வம், ஆனால் கோப்பையின் சுவரில் ஒட்டும், அதனால்தான் பக்கத்தில் ஒரு பிரஷ் நிற்கிறது. சாடையாகச் சொல்கிறேன், அந்தப் பிரஷ் அழகுக்கு வைத்ததல்ல. போகிறவர்தான் தேய்த்துவிட்டு வர வேண்டும், ஐரோப்பாவில் அது அடிப்படை மரியாதை. ஆஸ்திரேலியாவில் தண்ணீர் எதிர்ப்பக்கமாகச் சுழலும் என்று பள்ளிக்கூடத்தில் யாராவது சொல்லியிருப்பார்கள். அந்த ஊர்க் கோப்பையில் தண்ணீர் சுழலவே சுழலாது, நேராக விழுந்து நேராகப் போய்விடும். பூமி சுற்றுவதற்கும் உங்கள் ஃப்ளஷ்ஷுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆஸ்திரேலியா உலகத்துக்குக் கொடுத்தது வேறு, இரண்டு பொத்தான் வைத்த ஃப்ளஷ். ஒன்றுக்குப் போனால் பாதித் தண்ணீர், இரண்டுக்குப் போனால் முழுத் தண்ணீர். 1980-இல் கரோமா என்ற நிறுவனத்தில் வேலை பார்த்த புரூஸ் தாம்ப்சன் செய்தது. வறண்ட நாட்டுக்காரர்களுக்குத்தான் இந்த யோசனை வரும்.

அமெரிக்கா வேறு கட்சி. உள்ளே எட்டிப் பார்த்தாலே தெரியும், கோப்பையில் பாதிக்குத் தண்ணீர் நிற்கும். முதல்முறை பார்க்கிறவர்கள் அடைத்துக்கொண்டிருக்கிறது போல என்று பயந்து வெளியே வந்துவிடுவார்கள். அங்கே தண்ணீர் தள்ளுவதில்லை, இழுக்கிறது. கேனிலிருந்து மண்ணெண்ணெயை டியூப் போட்டு இழுக்கும்போது ஒருமுறை டியூப் முழுக்க நிறைந்துவிட்டால் அப்புறம் அதுவாகவே இறங்கிக்கொண்டிருக்குமே, அதே வேலைதான். ஃப்ளஷ் செய்ததும் கோப்பையில் மளமளவென்று தண்ணீர் ஏறும், வளைந்த குழாய் முழுவதும் நிறையும், நிறைந்த நொடியில் மொத்தத்தையும் உறிஞ்சிக்கொண்டு 'களக்' என்று ஒரு சத்தத்தோடு போய்விடும். கோப்பை சுத்தமாக இருக்கும், நாற்றமும் குறைவு. ஆனால் குழாய் முழுக்க நிறைய வேண்டுமானால் அது குறுகலாக இருந்தாக வேண்டும். குறுகலாக இருந்தால் அடைக்கும். அமெரிக்க வீடுகளில் டாய்லெட் பக்கத்தில் ரப்பர் கப் வைத்த ஒரு கம்பு நிற்பதன் ரகசியம் இதுதான். போதாக்குறைக்கு, 1992-இல் வந்த சட்டம் ஒரு ஃப்ளஷ்ஷுக்குச் சுமார் 6 லிட்டர்தான் என்று கட்டிப்போட்டது. அதற்கு முன் 13 லிட்டர், அதற்கும் மேல் குடித்துக்கொண்டிருந்த கோப்பைகள். சட்டம் வந்த புதிதில் செய்த மாடல்கள் சரியாக இழுக்காமல் மக்கள் இரண்டு தடவை ஃப்ளஷ் செய்து, மிச்சம் பிடித்த தண்ணீரையும் அதிலேயே விட்டார்கள். இப்போதைய மாடல்கள் பரவாயில்லை.

ஜெர்மனிதான் உச்சம். ஜெர்மனி, ஆஸ்திரியா, நெதர்லாந்து, செக், ஹங்கேரி பக்கம் பழைய வீடுகளிலும் சின்ன லாட்ஜுகளிலும் கோப்பைக்குள்ளே ஒரு திட்டு இருக்கும். பீங்கானாலேயே ஆன தட்டையான மேடை, அதில் விரல்கடை தண்ணீர்கூட நிற்காது. ஓட்டை முன்பக்கம் இருக்கும். ஆக, நீங்கள் போவது தண்ணீரில் விழாது, திட்டில் உட்கார்ந்திருக்கும், எழுந்து திரும்பினால் உங்களைப் பார்க்கும். ஃப்ளஷ் செய்தால் பின்னாலிருந்து தண்ணீர் வந்து முன்னால் தள்ளிக்கொண்டு போகும். அதுவரை அறையில் இருக்கும் வாசனையை நான் வர்ணிக்கப் போவதில்லை.

ஏன் இப்படி? பார்ப்பதற்குத்தான். பன்றிக்கறியைப் பச்சையாக அரைத்து ரொட்டியில் தடவிச் சாப்பிடுகிற ஊர் அது, வயிற்றில் பூச்சி இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்வது ஒரு காலத்தில் ஆரோக்கியப் பழக்கம். டாக்டர் சாம்பிள் கேட்டால் எடுப்பதும் சுலபம். இன்னொரு லாபம், கீழே தண்ணீர் இல்லாததால் தெறிக்காது. அமெரிக்கக் கோப்பையில் உட்கார்ந்து பின்பக்கம் நனைந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். புதுக் கட்டடங்களில் இந்த வகை குறைந்துகொண்டே வருகிறது, இருந்தாலும் கேட்டால் விட்டுக்கொடுக்காமல் ஆதரிக்கிற பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

அதே ஜெர்மனியில் ஆண்களும் உட்கார்ந்துதான் ஒன்றுக்குப் போக வேண்டும் என்று வீடுகளில் படம் போட்டு ஒட்டியிருப்பார்கள். விளையாட்டில்லை, கோர்ட் வரைக்கும் போயிருக்கிறது. 2015-இல் டுசெல்டோர்ஃபில் ஒரு வீட்டுக்காரர், குடியிருந்தவர் நின்றுகொண்டு போனதால் மார்பிள் தரை பாழாகிவிட்டது என்று அட்வான்ஸில் 1,900 யூரோவைப் பிடித்துக்கொண்டார். நின்றுகொண்டு போவது இன்னும் பரவலாக உள்ள வழக்கம்தான், அதில் மார்பிள் கெடும் என்று குடியிருப்பவர் எதிர்பார்த்திருக்க முடியாது என்று நீதிபதி தீர்ப்பளித்தார். பணம் திரும்பக் கிடைத்தது.

தண்ணீரா, பேப்பரா

நம்மவர்களுக்கு உண்மையான கவலை இதுதான். கோப்பை எந்த வடிவத்தில் இருந்தால் என்ன, கால் கழுவத் தண்ணீர் இருக்கிறதா?

அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி, பிரான்ஸ் போன்ற இடங்களில் பெரும்பாலும் இல்லை. அதனால்தான் நம் ஆட்கள் கைப்பையில் காலித் தண்ணீர் பாட்டில் ஒன்றை எப்போதும் வைத்திருக்கிறார்கள், வாஷ்பேசினில் நிரப்பிக்கொண்டு உள்ளே போவார்கள். வெட்கப்பட வேண்டிய காரியமே இல்லை, உலகத்தில் பெரிய கூட்டம் இதைச் செய்கிறது. தரை மட்டும் ஜாக்கிரதை. அந்த ஊர்ப் பாத்ரூமில் கோப்பை இருக்கும் பக்கம் தரையில் தண்ணீர் போக வழியே இருக்காது, சில பழைய பிரிட்டிஷ் வீடுகளில் கம்பளமே விரித்திருப்பார்கள். பேப்பரால் முதலில் துடைத்து, அப்புறம் கொஞ்சமாகத் தண்ணீர், அப்புறம் மறுபடி பேப்பர். தரை நனையாமல் காரியம் முடியும்.

ஆனால் 'வெள்ளைக்காரன் எல்லாம் பேப்பர்தான்' என்பது சரியில்லை. இத்தாலியில் 1975-ஆம் ஆண்டு அரசாணையின்படி வீட்டில் ஒரு குளியலறையிலாவது பிடே இருந்தாக வேண்டும். பிடே என்றால் டாய்லெட்டுக்குப் பக்கத்திலேயே குட்டையாக இன்னொரு பீங்கான் தொட்டி, குழாயோடு. டாய்லெட்டில் போய்விட்டு இதில் நகர்ந்து உட்கார்ந்து சோப்புப் போட்டுக் கழுவிக்கொள்வார்கள். கால் அலம்பும் தொட்டி என்று நினைத்துக் கால் அலம்பிவிட்டு வருகிற சுற்றுலாப் பயணிகள் நிறைய. இதைக் கண்டுபிடித்த பிரான்ஸ்காரர்கள் கைவிட்டுவிட்டார்கள், இத்தாலிக்காரர்கள் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். ஃபின்லாந்தில் இன்னும் வசதி, நம் ஹெல்த் ஃபாசெட் மாதிரியே வாஷ்பேசினோடு இணைத்த ஒரு சின்ன ஷவர், கிட்டத்தட்ட எல்லா வீட்டிலும். தாய்லாந்து, மலேசியா, வளைகுடா நாடுகளில் ஹோஸ் இருக்கும், அங்கே பிரஷர் மட்டும் சில இடங்களில் ஆளையே தூக்கும், முதலில் கோப்பைக்குள் ஒருமுறை அடித்துப் பார்த்துக்கொள்வது நல்லது. துருக்கியில் ஹோஸைத் தேடினால் கிடைக்காது. கோப்பையின் உட்புறம், பின்பக்கத்தில் ஒரு சின்னக் குழாய் நீட்டிக்கொண்டிருக்கும், அதைத் திறக்கும் திருகு பக்கச் சுவரில் இருக்கும். இந்தோனேஷியாவில் தொட்டியும் மொண்டு ஊற்றும் கப்பும். அங்கே போனால் நம்மவர்களுக்கு வீடு வந்து சேர்ந்த நிம்மதி.

பேப்பர் பயன்படுத்துகிற எல்லா ஊரிலும் அதைக் கோப்பைக்குள் போட்டுவிட முடியாது என்பது அடுத்த குழப்பம். கிரேக்கத்தில் பல இடங்களில் சுவரில் எழுதியே வைத்திருப்பார்கள், பேப்பரைக் கூடையில் போடவும் என்று. காரணம் மறுபடி குழாய்தான், அங்கே பழைய கட்டடங்களில் போட்டிருப்பது சுமார் 50 மில்லிமீட்டர் அகலக் குழாய், மற்ற ஐரோப்பிய நாடுகளில் இருப்பதில் கிட்டத்தட்டப் பாதி. பேப்பர் போட்டால் அடைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்காரர் வீட்டில் பொங்கும். மெக்சிகோ, சீனாவின் பல பகுதிகள், துருக்கியின் பழைய ஊர்கள், எல்லாம் இதே கதை. பக்கத்தில் மூடியோடு ஒரு சின்னக் கூடை இருந்தால் அது பேப்பருக்குத்தான்.

ஜப்பான்

ஜப்பானில் கதவைத் திறந்ததும் கோப்பையின் மூடி தானாகத் திறக்கும், திடுக்கிட வேண்டாம். உட்கார்ந்தால் சீட் வெதுவெதுப்பாக இருக்கும். முந்தின ஆள் இப்போதுதான் எழுந்து போயிருக்கிறார் போல என்று முதலில் ஒரு அருவருப்பு வரும், அப்புறம்தான் உள்ளே ஹீட்டர் என்று தெரியும். பனிக்காலத்தில் அதிலிருந்து எழுந்திருக்கவே மனசு வராது.

இத்தனைக்கும் இந்த யோசனையின் வேர் அமெரிக்காவில் இருக்கிறது. அங்கே நோயாளிகளுக்காகச் செய்த தண்ணீர் பீய்ச்சும் சீட்டை 1964-இல் டோட்டோ நிறுவனம் ஜப்பானுக்கு இறக்குமதி செய்தது. தண்ணீர் ஒரு நேரம் சுடும், ஒரு நேரம் சில்லென்றிருக்கும், குறியும் தப்பும். சரி, நாமே செய்வோம் என்று இறங்கினார்கள். தண்ணீர் எந்த இடத்தில் படவேண்டும் என்பது ஆளுக்கு ஆள் மாறுமே, அதற்குப் புள்ளிவிவரம் எங்கே கிடைக்கும்? நிறுவன ஊழியர்களையே, ஆண் பெண் என்று நூற்றுக்கணக்கானவர்களை, உட்காரவைத்து அளந்தார்கள். சக ஊழியர் முன்னால் இதற்கெல்லாம் சம்மதிக்கவைக்க எவ்வளவு பாடுபட்டிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். கடைசியில் பீய்ச்சும் கோணம் 43 டிகிரி, தண்ணீரின் சூடு 38 டிகிரி என்று முடிவானது. 1980-இல் 'வாஷ்லெட்' கடைக்கு வந்தது. இன்று ஜப்பானில் ஐந்தில் நான்கு வீடுகளில் இந்த வகை சீட் இருக்கிறது.

பயணிக்குச் சிக்கல் அந்தப் பொத்தான் பலகையில். பக்கச் சுவரிலோ சீட்டின் கைப்பிடியிலோ இருக்கும், எழுத்தெல்லாம் ஜப்பானிய மொழியில். இப்போது படங்கள் உண்டு. ஆளுக்கொரு படம் போட்டுக்கொண்டிருந்த நிறுவனங்கள் 2017-இல் ஒன்றாக உட்கார்ந்து ஒரே மாதிரிப் படங்களுக்கு ஒத்துக்கொண்டன. பிட்டத்தின் வளைவும் கீழே மேல்நோக்கிப் பீய்ச்சும் கோடுகளும் இருந்தால் பின்பக்கம் கழுவ. பெண் உருவம் இருந்தால் பெண்களுக்கு முன்பக்கம் கழுவ. அலையலையாகக் கோடு இருந்தால் சூடான காற்று. முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இவை எதுவுமில்லை, சதுரம். அதுதான் நிறுத்தும் பொத்தான். அதை அழுத்தாமல் பாதியில் எழுந்தால் தண்ணீர் எதிர்ச் சுவர் வரைக்கும் போகும், புது மாடல்களில் சீட்டில் ஆள் இல்லையென்றால் தானே நின்றுவிடும், இருந்தாலும் சோதித்துப் பார்க்க வேண்டாம். பொத்தான் பலகையிலிருந்து கொஞ்சம் தள்ளி, தனியாக, பெரும்பாலும் சிவப்பாக ஒன்று இருந்தால் அது ஃப்ளஷ் இல்லை, ஆபத்து நேரத்தில் ஆளைக் கூப்பிடும் மணி. ஃப்ளஷ் எது என்று தேடித் தேடி அதை அழுத்திவிட்டு, வெளியே ஊழியர்கள் ஓடிவந்து நிற்க, என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள்.

வெட்கத்தைப் பற்றிச் சொல்கிறேன் என்றேனே, அது இங்கேதான். பொதுக் கழிப்பறையில் தான் போகிற சத்தம் பக்கத்து அறைக்குக் கேட்கக் கூடாது என்று ஜப்பானியப் பெண்கள் உட்கார்ந்திருக்கும் நேரம் முழுக்க ஃப்ளஷ் செய்துகொண்டே இருப்பார்கள். தண்ணீர் வீணாகிறது, சொல்லிப் பார்த்தும் கேட்கவில்லை. 1988-இல் டோட்டோ ஒரு சின்னப் பெட்டியைக் கொண்டுவந்தது. அழுத்தினால், கையைக் காட்டினால், தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் வரும். சத்தம் ஸ்பீக்கரிலிருந்து, தண்ணீர் மிச்சம். உபதேசம் செய்து மாற்றாமல், அந்த வெட்கத்தை அப்படியே மதித்து, அதற்கு ஒரு பெட்டி செய்து கொடுத்தார்கள் பாருங்கள், எனக்கு மிகவும் பிடித்த பொறியியல் அது.

வீடுகளிலும் பழையபாணி விடுதிகளிலும் டாய்லெட் வாசலில் தனிச் செருப்பு கிடக்கும். அதை உள்ளே மட்டும் போட வேண்டும், மறந்துபோய் அதோடு சாப்பாட்டுக் கூடத்துக்கு வந்தால் எல்லோரும் உங்கள் காலையே பார்ப்பார்கள். பல வீடுகளில் ஃப்ளஷ் டேங்கின் மேல் மூடியே ஒரு குட்டி வாஷ்பேசின். ஃப்ளஷ் செய்ததும் அதற்கு மேலே உள்ள குழாயில் புதுத் தண்ணீர் வரும், கை கழுவினால் அந்தத் தண்ணீர் டேங்கில் இறங்கி அடுத்த ஃப்ளஷ்ஷுக்கு ஆகும். இவ்வளவு எளிய விஷயம் தண்ணீர்ப் பஞ்சம் பார்த்த நம் ஊரில் ஏன் வரவில்லை என்று தெரியவில்லை.

டோக்கியோவின் ஷிபுயா பகுதிப் பூங்காக்களில் 2020-இல் ஷிகேரு பான் என்ற கட்டடக் கலைஞர் கண்ணாடிச் சுவர் கழிப்பறைகளை வைத்தார். நிறக் கண்ணாடிதான், ஆனால் உள்ளே இருக்கும் கோப்பை வெளியே தெரியும். உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டதும் கண்ணாடி மங்கலாகிவிடும். பூங்காக் கழிப்பறை என்றால் உள்ளே சுத்தமாக இருக்கிறதா, யாராவது ஒளிந்திருக்கிறார்களா என்ற இரண்டு பயம், இரண்டுக்கும் வெளியே நின்றபடியே விடை தெரியும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. என்னால் முழு நிம்மதியோடு உட்கார முடியுமா என்றால், கஷ்டம்.

குந்தும் வகையும் கதவில்லாத வகையும்

குந்துவது நமக்குப் பழகியது என்பதால் இதை நீட்டவில்லை. இரண்டு விஷயம் மட்டும். ஜப்பானியக் குந்தும் கோப்பையில் ஒரு பக்கம் குவிந்த மூடி மாதிரி எழும்பியிருக்கும், அதைப் பார்த்தபடி குந்த வேண்டும், கதவுக்கு முதுகு காட்டி. பிரான்ஸில் பழைய கஃபேக்களிலும் நெடுஞ்சாலை ஓய்விடங்களிலும் உள்ள குந்தும் கோப்பையில் ஃப்ளஷ் செய்வதற்கு முன் கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் பாதம் வைக்கிற இடம் உட்பட மொத்தத்தையும் அடித்துக்கொண்டு போகும், ஷூவோடு சேர்த்து.

சீனாவில் பெரிய நகரங்கள் மாறிவிட்டன, 2015-இலிருந்து சுற்றுலாத் தலங்களில் கழிப்பறைகளைச் சீராக்க அரசே ஒரு பெரிய இயக்கம் நடத்தியது. உட்புற ஊர்களில் இன்னும் இடுப்பளவுத் தடுப்பு மட்டும் வைத்து, கதவே இல்லாத வரிசைக் கழிப்பறைகளைப் பார்க்கலாம். பேப்பர் அறைக்குள் இருக்காது. இருந்தால் நுழைவாயிலில் பொதுவாக ஒரே உருளை, எவ்வளவு தேவைப்படும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுக் கிழித்துக்கொண்டு போக வேண்டும். பெய்ஜிங்கில் சொர்க்கக் கோயில் பூங்காவில் பேப்பரை மொத்தமாக உருவிக்கொண்டு வீட்டுக்குப் போகிறவர்கள் தொல்லை தாங்காமல் 2017-இல் முகத்தை அடையாளம் காணும் இயந்திரம் வைத்தார்கள். முகத்தைக் காட்டினால் 60 செண்டிமீட்டர் பேப்பர் வரும். அதே முகத்துக்கு அடுத்த 9 நிமிடம் கிடையாது. வயிறு சரியில்லாதவன் கதி என்ன என்று அப்போதே பலர் கேட்டார்கள்.

கதவு விஷயத்தில் அமெரிக்காவும் சளைத்ததல்ல. பொதுக் கழிப்பறைத் தடுப்புகளுக்குக் கீழே முழங்கால் தெரியும், கதவு ஓரத்தில் விரல் நுழையும் சந்து, உள்ளே இருப்பவரும் வெளியே வரிசையில் நிற்பவரும் கண்ணோடு கண் பார்த்துக்கொள்ளலாம். ஆயத்தப் பலகைகளை வாங்கி மாட்டுவதுதான் மலிவு, கீழே இடைவெளி இருந்தால் தரை கழுவவும் சுலபம். ஆனால் அங்கே இலவசம், அதற்கும் ஒரு கதை உண்டு. ஒரு காலத்தில் காசு போட்டால்தான் கழிப்பறைக் கதவு திறக்கும். ஆண்கள் நின்று போகும் இடம் இலவசம், கதவு வைத்த அறைக்குத்தான் காசு, ஆக எப்போதும் பெண்கள்தான் கொடுக்க வேண்டியிருந்தது. 1969-இல் மார்ச் ஃபாங் யூ என்ற கலிஃபோர்னியா சட்டமன்ற உறுப்பினர் சட்டமன்றப் படிக்கட்டில் ஒரு கழிப்பறைக் கோப்பையை வைத்துச் சம்மட்டியால் அடித்து உடைத்தார். அடுத்த பத்தாண்டுக்குள் பல மாநிலங்களும் நகரங்களும் கட்டணக் கழிப்பறைகளைத் தடை செய்தன. தடை செய்ததோடு, புதிதாகக் கட்டவும் பெரும்பாலும் மறந்துவிட்டன. இன்று அமெரிக்க நகரங்களில் அவசரம் என்றால் ஒரு காபிக் கடையைத் தேடுவதுதான் வழி.

ஐரோப்பாவில் காசு உண்டு, இடமும் உண்டு. ஜெர்மன் நெடுஞ்சாலையில் 1 யூரோ போட்டால் தடுப்புத் திறக்கும், கூடவே அதே அளவு மதிப்புள்ள கூப்பன் வரும், அங்கேயே கடையில் கழித்துக்கொள்ளலாம். சில்லறை எப்போதும் சட்டைப் பையில் இருக்கட்டும். பாரிஸ் நடைபாதைகளில் உள்ள தானியங்கிக் கழிப்பறை இலவசம், ஆனால் ஓர் எச்சரிக்கை. ஒருவர் வெளியே வந்ததும் கதவு மூடி, உள்ளே தரையும் கோப்பையும் தானாகக் கழுவப்படும், பச்சை விளக்கு வரும் வரை பொறுக்க வேண்டும். முன்னவர் கதவைப் பிடித்துக்கொண்டு 'வாங்க வாங்க' என்றால் நுழைந்துவிடாதீர்கள், கழுவல் உங்களுக்கும் சேர்த்து நடக்கலாம். ஆம்ஸ்டர்டாமில் 1880 வாக்கிலிருந்து தெருவோரம் பச்சை இரும்புத் தகடு சுருண்டு நிற்கும், உள்ளே ஆண்கள் நின்று போகலாம், பெண்களுக்கு ஒன்றுமில்லை. பெண்கள் பல வருடம் போராடிய பிறகு, 2024-இல்தான் அவர்களுக்கும் சக்கர நாற்காலிக்காரர்களுக்கும் கழிப்பறை கட்ட நகரம் 40 லட்சம் யூரோ ஒதுக்கியது.

தண்ணீரே இல்லாத இடத்தில்

இதுவரை சொன்னது எல்லாம் நல்ல தண்ணீரை வீட்டுக்குக் கொண்டுவந்து, அதைக் கெடுத்து, மறுபடி வெளியே அனுப்பும் ஏற்பாடு. நல்ல தண்ணீர் குறைவாக இருந்த ஹாங்காங் 1950-களிலேயே கடல்நீரைத் தனிக் குழாயில் கொண்டுவந்து ஃப்ளஷ்ஷுக்குக் கொடுக்க ஆரம்பித்தது. இன்று அங்கே 80 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் வீட்டில் கோப்பைக்குள் வருவது உப்புத் தண்ணீர்தான். குழாயெல்லாம் உப்பு அரிக்காத வகையில் போட வேண்டும், செலவுதான், ஆனால் மிச்சமாகும் குடிநீரைப் பார்த்தால் கட்டுப்படியாகும்.

லடாக் போகிறவர்கள் கிராமத்து வீடுகளில் தங்கினால் தண்ணீரே இல்லாத கழிப்பறையைப் பார்க்கலாம், கட்டாயம் பாருங்கள். குளிர்காலத்தில் குழாய் போட்டால் உறைந்து வெடிக்கும். அதனால் மாடியில் ஓர் அறை, தரையில் நீளவாக்கில் ஓர் ஓட்டை, மூலையில் மண்ணும் சாம்பலும் குவித்து ஒரு மண்வெட்டி. போய்விட்டு இரண்டு மண்வெட்டி மண்ணைத் தள்ளிவிட வேண்டும், அவ்வளவுதான் ஃப்ளஷ். கீழே மூடிய அறையில் மாதக்கணக்கில் மக்கும், காற்றும் வறட்சியும் சேர்ந்து நாற்றமே இருக்காது. வசந்தத்தில் கீழ்க் கதவைத் திறந்து அள்ளி பார்லி வயலுக்குப் போடுவார்கள். இங்கே தண்ணீர் ஊற்றிக் கழுவினால் மக்குவது கெட்டுவிடும், ஆகவே பாட்டில்காரர்கள் வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். புதிதாக முளைத்த ஹோட்டல்களெல்லாம் ஃப்ளஷ் வைத்துவிட்டன, லே நகரத்தின் நிலத்தடி நீரும் அதற்கேற்ப அடி வாங்குகிறது.

கழுவுகிறவர்களுக்கும் உலர் கழிப்பறை முடியும் என்று காட்டியது திருச்சி பக்கத்து முசிறி. அங்கே 'ஸ்கோப்' என்ற தொண்டு நிறுவனம் கட்டிய கழிப்பறையில் சிறுநீருக்கு ஒரு வழி, மலத்துக்கு ஒரு குழி, கழுவும் தண்ணீருக்குத் தனியாக ஒரு வழி. கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து கழுவ வேண்டும். குழியில் சாம்பல் தூவி மூடி, நிறைந்ததும் அடுத்த குழிக்கு மாறி, முதலாவது மக்கி உரமாகும் வரை விட்டுவைப்பார்கள். வயலுக்குப் பயன்படுவதால் வந்து போகிறவர்களுக்குச் சில்லறைக் காசும் கொடுத்தார்கள். ஜெர்மனிக்காரன் காசு வாங்க, முசிறியில் காசு கொடுத்திருக்கிறார்கள்.

கோவாவின் பழைய கிராமங்களிலும் தென்கொரியாவின் ஜேஜு தீவிலும் இதையே பன்றி பார்த்துக்கொண்டது. மேலே ஆள், கீழே தொழுவம். மேற்கொண்டு விளக்கம் வேண்டாம் என்று நினைக்கிறேன். நார்வேயில் மலை மீதுள்ள விடுமுறைக் குடில்களில் எரிக்கிற வகை இருக்கும். கோப்பைக்குள் முதலில் ஒரு காகிதப் பையை விரித்துவிட்டுத்தான் உட்கார வேண்டும், மூடிப் பொத்தானை அழுத்தினால் பையோடு உள்ளே விழுந்து எரிந்து, ஒரு கைப்பிடிச் சாம்பல் மிஞ்சும்.

போகிற வழியிலேயே எல்லோரும் பார்க்கிற ஒன்றை விட்டுவிட்டேன், விமானம். அந்த 'புஸ்ஸ்ஸ்' சத்தத்துக்குக் குழந்தைகள் அழும். வெளியே காற்றழுத்தம் மிகக் குறைவு, உள்ளே அதிகம், கழிவுத் தொட்டியை வெளிக்காற்றோடு இணைத்திருப்பதால் வால்வு திறந்த நொடியில் கேபின் காற்றே எல்லாவற்றையும் தொட்டிக்குத் தள்ளிவிடும். கோப்பையில் ஒட்டாத பூச்சு பூசியிருப்பதால் ஒரு தம்ளர் அளவு தண்ணீர் போதும். தாழ்வாகப் பறக்கும்போதும் தரையில் நிற்கும்போதும் அந்த அழுத்த வித்தியாசம் இல்லை, அப்போது ஒரு மோட்டார் உறிஞ்சும். வானத்தில் திறந்துவிடுகிறார்கள் என்பது கட்டுக்கதை, தரையிறங்கிய பிறகு லாரி வந்து உறிஞ்சி எடுத்துக்கொண்டு போகும்.

எவரெஸ்ட்டில் லாரியும் வராது, மண்ணும் கிடையாது, எரிக்கவும் முடியாது, குளிரில் எதுவும் மக்காது. பல பத்தாண்டுகளாக மலையேறியவர்கள் விட்டுவந்தது அப்படியே உறைந்து கிடக்க, 2024-இல் அந்தப் பகுதியின் உள்ளாட்சி நிர்வாகம் ஓர் உத்தரவு போட்டது. ஏறுகிறவர்கள் எல்லோரும் அடிவார முகாமில் பை வாங்கிக்கொள்ள வேண்டும். உள்ளே விழுவதைக் கெட்டியாக்கி நாற்றத்தை அடக்கும் ரசாயனம் அதில் இருக்கும். அதை மேலேயிருந்து அவரவரே சுமந்துகொண்டு இறங்க வேண்டும், இறங்கியதும் பையைச் சரிபார்ப்பார்கள்.